மூடி மட்டும் போதுமாம்

செப். 2, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. வேலைத்தலத்தின் வாசலில் ஒரு விரற்கடை மணல். கூட்டியாயிற்று. மேற்குச் சன்னல்களுக்கு மறுபடியும் சாக்கு. வாசலில் வழக்கமான இரண்டு கழுதைகள். லொறி ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. வேலையாள் சூசை வாலைப் பிடித்துத் தள்ளித்தான் வழி விட்டன.

லொறியில் வந்தது ஏழாம் இயந்திரம். இனி ஏ-7. போகும்போது பலகைப் பெட்டி, வைக்கோல், நான்கு மூலைக்கும் இறுக்கக் கயிறு. வரும்போது உரச் சாக்கு. சாரதி இறக்கிவிட்டுச் சொன்னது: "சேர், மதவாச்சியில இருந்து உள்ளுக்குக் கலகலவெண்டு ஒரே பாட்டு. றேடியோ போடத் தேவைப்படேல்லை."

பதிவுக்காக. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் எங்கள் கார் இரண்டாவது இடத்தில். முடியச் சில சுற்றுகளே இருக்கையில் ஏ-7இன் றொட் (பிஸ்டனைத் தாங்கும் உருக்குத் தண்டு) முறிந்து, இயந்திரத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஓட்டுநருக்குக் காயமில்லை. கடவுளுக்கு நன்றி, இதை உபசாரமாக எழுதவில்லை.

அன்று மாலையே அணி முகாமையாளர் கிருஷாந்த் (இனி கி.) கமராவுக்கு முன்னால்: "எஞ்சின் மன்னார்ல செஞ்சது. உள்ளூர் உலோகம். இனி நாங்க யோசிக்கணும்." இந்தக் காணொளி என் மனைவி ரெஜினாவின் பாடசாலை ஆசிரியர் குழுவுக்கே வந்துவிட்டது. அவளுடைய அதிபர் அனுதாப முகத்தோடு கண்ணீர்ப் படம் ஒன்று போட்டிருக்கிறார்.

'மன்னார்ல செஞ்சது' என்று, ஏதோ சந்தையில் வாங்கிய கருவாடு போல. நாங்கள் அணிக்கு வெளியே உள்ள ஒரு கடை அல்ல. அணியின் சொந்த இயந்திரக் கொம்பனி நாங்கள். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன் அணியைத் தொடங்கினான். நான் வெளிநாட்டு இயந்திரத் தொழிற்சாலையை விட்டு வந்தபோது, கைவிடப்பட்ட ஐஸ் பக்டரி ஒன்றைத் தலைமன்னார் வீதியில் வாங்கித் தந்து, "இதுக்குள்ள என்ன சத்தமும் போடு" என்றான். சுவர்கள் இரண்டு முழத் தடிப்பு. இன்று அவன் இல்லை. அவன் மனைவி, எல்லோருக்கும் மேடம் (மே.), அணியை நடத்துகிறார். ஒரு காலத்தில் தாமே பந்தயம் ஓட்டியவர். ஆனால் மன்னாருக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. கி. சொல்வதைத்தான் அவர் கேட்கிறார்.

சேட் இஸ்திரி போடவேண்டும். கண்ணாடியின் இடது கை தளர்ந்துவிட்டது.

செப். 3, புதன்

கி.யின் அழைப்பு. எழுதிவைக்கிறேன், பிறகு நானே நம்பாமல் விடக்கூடும்.

"அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க. மாசக் கடைசிப் பந்தயத்துக்கு வெளிநாட்டு எஞ்சின் ஒண்ணு எடுக்கிறோம். நீங்க மூடிய மட்டும் அனுப்புங்க."

"எந்த மூடி?"

"மேல 'மன்னார்'னு எழுத்து இருக்கே, அந்த மூடி. உள்நாட்டுத் தயாரிப்புன்னு ஸ்பொன்சர் போஸ்டர் எல்லாம் அடிச்சாச்சு. அவங்களுக்கு அந்த எழுத்து வேணும். புது எஞ்சினோட அளவு அனுப்புறேன், அதுக்கு ஏத்த மாதிரி வார்த்துடுங்க."

"கீழே?"

"கீழ என்ன இருக்குன்னு யார் அங்கிள் குனிஞ்சு பார்க்கப் போறாங்க?"

பதினெட்டாம் திகதிக்குள் மூடி கொழும்பில் இருக்கவேண்டுமாம். அளவை அனுப்புங்கள் என்றேன். குரல் உயரவில்லை. என் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. நானே இஸ்திரி போட்ட சேட்டோடு நிற்கும் நாட்களில் ரெஜினா என்னோடு கதைப்பதில்லை. இன்று கதைக்கவில்லை.

மூடி என்பது இயந்திரத்தின் உச்சியில் வால்வுகளுக்கு மேல் இருக்கும் அலுமினியத் தகடு. தூசு விழாமல் காக்கும். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. வேலைத்தலத்தில் அதன் பெயர் தொப்பி. அதில் 'மன்னார்' என்ற எழுத்தைச் செதுக்கியது சூசை. விளையாட்டாக. இப்போது அந்த விளையாட்டைத்தான் கேட்கிறார்கள்.

வேலையாட்கள் மூவருக்கும் சொன்னேன். வார்ப்பு சூசை, பேசாலை. பூட்டுவது ஜெராட், பள்ளிமுனை. கடைசல் நிஹ்மத், சிலாவத்துறை. மூவர் வீட்டிலும் வள்ளம் உண்டு. மூவரும் கடலை விட்டு என்னிடம் வந்தவர்கள்.

ஜெராட்: "தொப்பிக் கடை போடுவம் சேர். திருவிழாவுக்கு நல்லா ஓடும்."

சூசை சிரிக்கவில்லை. "தொப்பியாவது அடிச்சு அனுப்புவம் சேர். அச்சு ஒண்டு செய்ய ரெண்டு நாள் காணும். வேலையெண்டாலும் கிடக்கும்."

"இந்த முறை தொப்பி, சூசை. அடுத்த முறை எழுத்தைக் கொழும்பிலேயே செதுக்குவான். பிறகு?"

நிஹ்மத் தன் லேத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். 'உள்ளூர் உலோகம்' என்று கி. சொன்ன றொட் அவன் கடைந்தது.

செப். 4, வியாழன்

மின்வெட்டு, பதினொன்றிலிருந்து. நல்லதாயிற்று. கதவை அகலத் திறந்து வெளிச்சத்தில் ஏ-7ஐக் கழற்றினோம்.

மேசையில் வெள்ளைத் துணி. ஒவ்வொரு துண்டும் கழன்ற ஒழுங்கில்:
முறிந்த றொட், இரண்டு துண்டு.
பிஸ்டன், பாவாடை (கீழ் விளிம்பு) உடைந்தது.
சிலிண்டர், கீறல்.
கிராங்க், தப்பியது.
உடைந்த வயிறு, படம் எடுத்தாயிற்று.

நிஹ்மத் முறிவைப் பார்க்க விரும்பவில்லை. பார்க்கச் சொன்னேன். உலோகத்தில் குமிழ் இல்லை, ஊசித்துளை இல்லை. கடினம் அளந்தேன், எதிர்பார்த்த அளவு. உருக்கு நல்லது, கடைசல் நல்லது.

"அப்ப ஏன் சேர் முறிஞ்சது?"

"தெரியாது."

தெரியாது என்று சொல்ல நேரும்போதெல்லாம் வாயில் துரு. மாலை முழுவதும் அதே ருசி.

வீட்டில் ஒட்டி மீன் குழம்பு. முள்ளை எடுக்க மறந்து சாப்பிட்டேன். ரெஜினா: "மீனோட என்ன கோபம்?"

செப். 6, சனி

கண்டுபிடித்தேன்.

சிலிண்டர்ச் சுவரின் மேல் விளிம்பில் கரி ஒரு வளையமாகப் படியும். பிஸ்டன் ஏறி வந்து நிற்கும் கோட்டுக்கு மேலேதான் அது படியும், ஏனெனில் அதற்குக் கீழே பிஸ்டனே துடைத்துவிடுகிறது. ஏ-7இல் வளையம் அகலமாக இருக்கிறது. இருக்கவேண்டியதைவிட நன்றாக அகலம். அதாவது பிஸ்டன் தன் உச்சிக்கு வரவில்லை. அதாவது றொட் குட்டையாகிவிட்டது. கரி படிய நேரம் வேண்டும். ஆகவே அது பந்தயத்தில் வளையவில்லை. முன்பே வளைந்து, வளைந்தபடியே ஓடி, ஓடிக் களைத்து, ஞாயிற்றுக்கிழமை முறிந்தது.

உருக்கை வளைப்பது எது? காற்றைப் பிஸ்டன் நசுக்கலாம். திரவத்தை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் திரவம் நின்றிருக்கவேண்டும், யாரோ வலுக்கட்டாயமாகச் சுழற்றியிருக்கவேண்டும்.

கி.யின் காணொளியை மறுபடி போட்டேன். அவன் முகம் வருவதற்கு முன் பயிற்சி நாள் காட்சிகள் சில. எத்தனை தடவை பார்த்தேன், பார்க்கவில்லை. எங்கள் காரை ஜீப் ஒன்றில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். பின்னால் இரண்டு பேர் தள்ளுகிறார்கள். கார் ஒரு தரம் குலுங்கி நிற்கிறது, சில்லு சறுக்குகிறது, பிறகு ஸ்டார்ட் ஆகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

அந்தக் குலுங்கல்தான்.

பெட்டியைத் திறந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று, கையால் சுழற்று, பிறகுதான் ஸ்டார்ட். இது என் முதல் விதி. எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தேன். செய்யவில்லை. கயிறு கட்டி இழுத்து, என் நிஹ்மத்தின் றொட்டை வளைத்து, பிறகு கமராவுக்கு முன்னால் உள்ளூர் உலோகம் என்றான்.

நாளை கடிதம். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல்.

செப். 7, ஞாயிறு

விடியமுன் எழும்பிக் கடிதத்தை எழுதி முடித்தேன். காலைப் பூசை. பிரசங்கம் நீளம். மனதுக்குள் கடிதத்தின் இரண்டாம் பந்தி.

பூசை முடிந்து சூசையின் தமையனைப் பார்க்கப் பேசாலைக் கரைக்குப் போனோம் (ரெஜினாவுக்கு இறால்). சோளகத்துக்கு வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடக்கின்றன. தமையன் வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி மரக்குற்றியில் நிறுத்தி, பிளக்கை எடுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் ஒரு சின்னப் போத்தல் மூடியால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அதென்ன?"

"உப்புக் காத்தெல்லே சேர். உள்ளுக்குத் துரு பிடிச்சிடும். சும்மா கிடக்கிற எஞ்சினுக்கு எண்ணெய் விடாமப் போனா வீட்டில சோறு இறங்காது."

நான் நின்றுவிட்டேன். ரெஜினா இறாலுக்கு விலை பேசி முடித்து, பையைக் கட்டி, என்னைக் கூப்பிட்டது கேட்கவில்லை.

சிலிண்டருக்குள் நின்ற திரவம்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்தேன். இரண்டு பக்கம். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிகத் திருத்தமான கடிதம். கிழிக்கவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

செப். 8, திங்கள்

தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன், கோப்பையைப் பார்த்தபடி.

"ஏ-7 போகமுன் யாராவது பிளக் துளைக்குள் எண்ணெய் விட்டீர்களா?"

ஜெராட் உடனே, பெருமையாக: "ஓம் சேர். நான் விட்டனான். புதன்கிழமை. லொறி பின்னேரம் வரும் எண்டாங்கள், நான் மத்தியானமே மடு மாதா திருவிழாவுக்கு வெளிக்கிட்டன். கடைசியாத் தொட்டது நான்தானே."

சூசை கோப்பையைக் கீழே வைத்தான். "நீயோ? டேய், லொறி புதன் வரேல்லையடா. வியாழன் நான் வந்து பாக்க எஞ்சின் அப்பிடியே கிடக்கு, காத்து அந்தமாதிரி. நீ அவசரத்தில மறந்திருப்பாயெண்டு நான் விட்டனான்."

இருவரும் நிஹ்மத்தைப் பார்த்தார்கள்.

நிஹ்மத்: "என்னையேன் பாக்கிறியள்?"

"நிஹ்மத்."

"...வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வந்தனான் சேர். இவங்கள் எல்லாரும் மாதா கோயில். லொறி சனிதான் எண்டு போன் வந்தது. பெட்டி அடிக்கமுன்னம் நானும் கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நம்ம வாப்பா விடுற அளவு."

"உள்ளே பார்க்கவில்லையா?"

"உள்ளுக்கு இருட்டுத்தானே சேர்."

ஜெராட் தலையில் கை வைத்தான். "மூண்டு பேரும் ஊத்தியிருக்கிறம்."

விளங்கியது. இந்தக் கரையில் பிறந்தவனுக்கு இது வேலை அல்ல, வழக்கம். கடைசியாகத் தொட்டவன் எண்ணெய் விடுகிறான். சொல்லிக்கொள்வதில்லை. இதுவரை போன ஆறு இயந்திரங்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ஒருவர் விட்டது நன்மைதான். எங்கள் இயந்திரங்கள் கொழும்பில் துருவின்றித் திறந்ததற்கு என் பொறியியலைக் காரணமாக நினைத்திருந்தேன். இம்முறை திருவிழா, லொறி தாமதம், நான் ரெஜினாவோடு மடுவில். மூன்று பேர் மூன்று நாள் ஒரே அக்கறையோடு விட்ட எண்ணெய், பிஸ்டனுக்கு மேலே இருந்த இடத்தை நிரப்பிவிட்டது. மிச்சத்தைக் கயிறும் ஜீப்பும் பார்த்துக்கொண்டன.

என் கூரைக்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு வழிபாடு. கோபம் வந்தது. யார்மேல் என்று தேடினேன். எல்லோர்மேலும், அளவாக.

சூசை, மெதுவாக: "சேர், எண்ணெய்க் கதையை விடுங்கோ. கயிறு கட்டி இழுத்த கதையை மட்டும் எழுதுங்கோ. அதுவும் உண்மைதானே?"

"உண்மைதான்."

"அவங்கள் எண்ணெயைக் கண்டிருந்தாலும் இப்ப ஆருக்குத் தெரியும்? எல்லாம் எரிஞ்சு போச்சு."

அதுவும் சரி. யாருக்கும் தெரியாது.

செப். 9, செவ்வாய்

காற்று. பல்லில் மணல்.

கணக்கு எளிது. பாதியை எழுதினால் வெற்றி: கி. பொய்யன், இயந்திரம் தப்பியது. முழுவதையும் எழுதினால் அவன் கையில் நாங்களே தடி கொடுக்கிறோம்: மன்னார்க்காரர் வள்ளத்து இயந்திரம் போல எண்ணெய் ஊற்றி அனுப்புகிறார்கள், பூட்டுங்கள் கொம்பனியை. மூன்று குடும்பங்கள்.

ரெஜினா, அரிசி களைந்தபடி: "இஞ்சாருங்கோ, பாதியை எழுதினா என்ன நடக்கும்?"

"மேலே ஒன்று இருக்கும். கீழே வேறொன்று இருக்கும்."

அவள் களைந்த நீரை ஊற்றிவிட்டு, "அதைத்தானே அந்தப் பெடியனும் கேட்டவன்" என்றாள்.

ஞாயிறு எழுதிய கடிதத்தை அடுப்பில் வைத்தேன். அழகான கடிதம். புதியதை நேரே மே.க்கு அனுப்பினேன், கி.க்குப் பிரதி. சாரம்: எண்ணெய் எங்கள் பிழை. கயிறு உங்கள் பிழை. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் ஏ-7 இன்றும் ஓடும். றொட்டில் பிழையில்லை. 'உள்ளூர் உலோகம்' என்ற சொல் திரும்பப் பெறப்படவேண்டும். எட்டாம் இயந்திரம் ஆயத்தம். மூடி வார்க்கமாட்டோம். நேரில் வந்து துண்டுகளைப் பாருங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்குள் கி.: "அங்கிள், நீங்களே ஒத்துக்கிட்டீங்களே! இத நான் எப்படி நிரூபிக்கிறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். தேங்க்ஸ்."

"சந்தோஷம். கயிறு யாருடையது?"

அழைப்பை வெட்டிவிட்டான்.

செப். 10, புதன்

புதிய ஒழுங்கு. வழக்கத்தை நிறுத்தமாட்டேன், அது சரியான வழக்கம்.

எண்ணெய் விட்டவன் வலைநூலில் ஒரு முடிச்சுப் போட்டு இயந்திரத்தின் கழுத்தில் கட்டவேண்டும். முடிச்சைக் கண்டவன் கையை எடுக்கவேண்டும்.

பிளக்கைப் பூட்டி அனுப்புவதில்லை. துளைக்கு இறப்பர் அடைப்பு. முட்டாள் யாராவது இழுத்தால் அடைப்புத் தெறிக்கும், எண்ணெய் அவன் முகத்தில் அடிக்கும், றொட் வளையாது.

ஜெராட்: "முகத்தில அடிக்கிறமாதிரி வளமாத் திருப்பி வைக்கட்டோ சேர்?"

வேண்டாம் என்றேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

மே.யிடமிருந்து ஒரு வரி: சனிக்கிழமை வருகிறேன்.

செப். 13, சனி

வந்தார்கள். மே., கி., சாரதி. மே. வெள்ளைச் சப்பாத்து, வாசலில் கழுதைச் சாணத்தைப் பார்த்துத் தாண்டினார். கி. பார்க்கவில்லை.

மே. நேராக மேசைக்கு. வெள்ளைத் துணியில் ஏ-7. ஆங்கிலத்தில் என்னிடம் ஒரே கேள்வி, கரி வளையம் எது என்று. காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு மூவர் பக்கம் திரும்பித் தமக்குத் தெரிந்த தமிழில்: "எண்ணெய் போட்டது யாரு?"

நான் வாய் திறக்கமுன் மூவரும் ஓரடி முன்னே வந்துவிட்டார்கள். சூசைதான் முதல். பாதியை எழுதச் சொன்ன அதே சூசை.

"மூணு பேருமா?"

"ஓம் மேடம்."

"ஐயோ. அந்த மோட்டர் குடிவெறியில செத்திருக்கு."

ஜெராட் வெடித்துச் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். மே. சிரிக்கவில்லை. கி. பக்கம் திரும்பினார்.

"கயிறு கட்டினது யாரு?"

"மேடம், அன்னிக்கு டைம் இருக்கல்ல. பெட்டரி வீக். பயிற்சி தொடங்கப் போகுது, அதுதான்..."

"பிளக் கழட்டினதா?"

"டைம் இருக்கல்ல மேடம்."

"சத்தம் வந்ததா?"

கி. நிலத்தைப் பார்த்தான். "ஒரு தட்டு மாதிரி. பிறகு நல்லாத்தானே ஓடிச்சு."

"சரி. இப்ப நிறைய டைம் இருக்கு. நில்லு."

ஏ-8ஐச் சோதனை மேடையில் ஏற்றியிருந்தோம். முடிச்சு ஒன்று. நான் அவிழ்த்தேன். அடைப்பை எடுத்து, கையால் சுழற்றி, எண்ணெய் வெளியே வர விட்டு, பிளக் பூட்டி, ஸ்டார்ட். ஐஸ் பக்டரிச் சுவர்கள் இதற்காகவே கட்டியதுபோல. வெளியே கழுதைகள் வந்து சுவரோடு சாய்ந்து நின்றன. அதிர்வு அவற்றுக்குப் பிடிக்கும்.

ஒரு பந்தய தூரம் முழுச் சுமையில். மே. கதிரை வேண்டாம் என்றார். கி. காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்வந்தான், இரண்டு தரம். தூரம் முடிந்ததும் நான் மே.யைப் பார்த்தேன். கையைச் சுழற்றிக் காட்டினார், இன்னும். இன்னும் பாதித் தூரம் ஓட்டினோம். நிஹ்மத்தின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நிறுத்தியபோது காதுக்குள் கடல்.

கழற்றிக் காட்டட்டுமா என்றேன். தேவையில்லை என்றார். போகும்போது வாசலில் நின்று, ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்க:

"பதினெட்டாந் திகதி மூடி கொழும்பில் இருக்கவேண்டும். ஸ்பொன்சரோடு என் ஒப்பந்தம் மூடிக்கு. அதன் கீழே என்ன இருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை."

என்னை ஒரு கணம் பார்த்தார். காரில் ஏறிவிட்டார். கி. வென்ற முகத்தோடு, "அளவு மறுபடி அனுப்புறேன் அங்கிள்."

வாகனம் மறைந்தபின் சூசை: "அப்ப தொப்பிதானோ சேர்?"

நான் அந்த ஆங்கில வாக்கியத்தை மூன்றாம் முறை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓம் சூசை. தொப்பிதான். தலையோட அனுப்புவம்."

செப். 15, திங்கள்

நான் தவறாக விளங்கியிருக்கவும் கூடும். அவர் சொன்னது அவ்வளவுதானோ, மூடி, வெறும் மூடி? அப்படியானால் கொழும்பு வாசலில் லொறியைத் திருப்புவார்கள், கேட்ட அளவில் மூடி இல்லாமல் வந்ததற்காக ஒப்பந்தமும் போகும், கொம்பனியும் போகும். தொலைபேசியில் கேட்கலாம். கேட்டால் 'மூடி மட்டும்' என்று சொல்லிவிட்டால்? கேட்காமலிருப்பது என் முடிவு.

கி.யின் அளவு வந்தது. திறக்கவில்லை.

ஏ-8 கழற்றி, பார்த்து, பூட்டியாயிற்று. உள்ளே எல்லாம் சுத்தம். மூடியைச் சூசை மணலால் தேய்த்து எழுத்தை மினுக்கினான். எண்ணெய் விடும் முறை நிஹ்மத்துக்கு. வலைநூல், ஒரு முடிச்சு. ஜெராட் அதைக் கண்டும் போத்தலைக் கையிலெடுத்து, திரும்பவும் வைத்தான். "பழகுறதுக்குக் காலம் எடுக்கும் சேர். விடாமப் போறது என்னவோ பாவம் மாதிரிக் கிடக்கு."

கண்ணாடிக் கை சரிசெய்தாயிற்று (ஜெராட், ஒரு நிமிடம்).

செப். 17, புதன்

அதிகாலை புறப்பாடு. நான் லொறியில், பெட்டிக்குப் பக்கத்தில் ஏறப் போனேன். சாரதி விடவில்லை: "சேர், முன்னுக்கு இருங்கோ. அது உங்களை விட்டிட்டு எங்க போகப்போகுது?"

ரெஜினா இஸ்திரி போட்ட சேட் தந்தாள். தானே இஸ்திரி போட்டது. கதைத்தாள்கூட: "கத்தாதேங்கோ."

"நான் எப்ப கத்தினனான்?"

"அதுதான் பயமா இருக்கு."

பாலம். இருபுறமும் நீர் கலங்கிய பச்சை. முருங்கனில் நிறுத்தி, பிளேன்டீ. பெட்டியை எட்டிப் பார்த்தேன். முடிச்சு அப்படியே. அடைப்பு அப்படியே. பிளக் என் சேட்டுப் பையில், துணியில் சுற்றி. நான் போய்ச் சேராமல் இந்த இயந்திரத்தை எவனும் ஸ்டார்ட் பண்ண முடியாது.

கி. மூன்று தவறிய அழைப்பு. ஒரு செய்தி: "மூடி அனுப்பியாச்சா அங்கிள்?"

பதில்: "வருகிறது."

செப். 18, வியாழன், கொழும்பு

மழை. அணியின் கராஜ். கார் நடுவில், வயிறு வெறுமையாக. ஓரத்தில் வெளிநாட்டு இயந்திரம், இன்னும் உறை கிழிக்காமல். அழகாகத்தான் இருக்கிறது.

லொறியிலிருந்து பெட்டியை இறக்கியதும் கி. ஓடிவந்தான். "அங்கிள், இது என்ன? மூடி எங்க?"

"மேலே."

"கீழ?"

"குனிந்து பாருங்கோ."

குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் சிவப்பு. மெக்கானிக் பெடியங்கள் இருவர் சிரிப்பை அடக்கப் பெட்டியின் மறுபக்கம் போனார்கள். அப்போதுதான் மே. உள்ளே இருந்து வந்தார். ஓரமாகக் கிடந்த கார் ரயரில் அமர்ந்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. வேலையைத் தொடங்கினேன். எல்லோரும் பார்க்க முடிச்சை எண்ணினேன், ஒன்று. அவிழ்த்தேன். அடைப்பை எடுத்தேன். கையால் சுழற்றினேன், மெதுவாக. எண்ணெய் எழும்பித் துணியில் விழுந்தது. நிஹ்மத்தின் வாப்பா அளவு. துணியைக் கி. கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

"இவ்வளவுதான் இருக்கவேணும். இதைக் காணாமல் ஒருவரும் கயிறு எடுக்கக்கூடாது."

கி. இறுதி முயற்சியாக, மே.யின் பக்கம் திரும்பி: "மேடம், மூடிய மட்டும் கழட்டி மத்ததுல வெச்சுப் பார்க்கலாமே? கொஞ்சம் வெட்டினா..."

மே. என்னைக் கேட்டார், தமிழில்: "கழட்டலாமா?"

"கழட்டலாம் மேடம். காருக்குள்ள பூட்டின பிறகு எப்ப வேணுமெண்டாலும்."

அவர் ரயரிலிருந்து எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மெக்கானிக் பெடியங்களிடம் சிங்களத்தில் ஒரே சொல். பூட்டு.

பூட்டினோம். முதல் போல்ட் நான். கடைசி போல்ட்டுக்கு ஸ்பானரைக் கி.யிடம் நீட்டினேன். பிடித்து இறுக்கினான். நான் மறுபடி இறுக்கம் பார்த்தேன். அரைச் சுற்றுக் குறைவு. இறுக்கினேன்.

பிளக் இன்னும் என் பையில். நாளை காலை, பெட்டரி சார்ஜ் ஏறியபின் பூட்டுவேன்.